மணம் புரியாமல் உடன் வாழும் துணைக்கு வீட்டை எப்படி உறுதி செய்வது? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேள்வி

கொப்பரைக்களம், கொழிஞ்சாம்பாறை — ஜனவரி 4, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 63. என் மனைவி 2009-இல் காலமானார். 2013 முதல் ஓர் அம்மையார் என் வீட்டில் என்னோடு வாழ்ந்து வருகிறார். அவருக்கு வயது 57, பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவர் தமிழக அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பணிக்காலத்திலேயே 2006-இல் மறைந்தவர். நாங்கள் தாலி கட்டிக்கொள்ளவும் இல்லை, எங்கும் பதிவு செய்யவும் இல்லை. என் மகன் பெங்களூரிலும் மகள் திருப்பூரிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள்.

கடந்த ஐப்பசியில் எனக்கு நெஞ்சுவலி வந்து கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். அங்கே கொடுத்த படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் பேனாவைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் நின்றுவிட்டு, அந்தக் கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினார். படுக்கையில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறவினர் யாராவது வந்து கையெழுத்திட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். திருப்பூரிலிருந்து மகள் வந்து சேரும்வரை அவர் வெளியே மரபெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் எனக்குச் சோறாக்கிப் போட்டு, களத்துக் கணக்கையும் எழுதியவர் அவர்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். நான் போய்விட்டால் அவர் எங்கே போவார்? என்னிடம் உள்ளவை: கொழிஞ்சாம்பாறையில் 12 சென்ட் மனையும் வீடும், நான் 2001-இல் கிரயம் வாங்கியது, இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு, அதில் ஓர் ஏக்கர் 1988 பாகப்பிரிவினையில் தகப்பனார் வழியாக வந்தது, மீதி நான் வாங்கியது, பொள்ளாச்சியில் ஒரு கடை, அங்கேயே வங்கியில் சில வைப்புத்தொகைகள், ஓர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம். பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைக் குறைக்க எனக்கு விருப்பம் இல்லை. அதே வேளையில், அவரை அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது. என்ன எழுதி வைக்க வேண்டும், எங்கே எழுதி வைக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லையோரன், கோபாலபுரம் — ஜனவரி 4, இரவு 10.02

ஐயா, முதலில் எழும் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். இருவருமே துணையை இழந்தவர்கள். சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் இந்தக் கேள்வியே எழாதே? மனைவி என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முதல் வகுப்பு வாரிசு. உங்கள் மகன், மகள், அவர் என மூவருக்கும் சமபங்கு தானாகவே வந்துவிடும்.

கொப்பரைக்களம் — ஜனவரி 5, காலை 6.30

தவறாக எண்ணவில்லை. அவருக்கு மறைந்த கணவரின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். ஆண்டுதோறும் மறுமணம் செய்யவில்லை என்று சான்று கொடுத்து வருகிறார், அது உண்மையும்கூட. அந்தப் பணம் அவருடைய சொந்தக் காலில் நிற்கும் தெம்பு. அதை நிறுத்திவிட்டு முழுக்க என்னையே நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கும் விருப்பம் இல்லை.

பழைய பத்திர எழுத்தர், பொள்ளாச்சி — ஜனவரி 5, மதியம் 2.15

முப்பத்தொரு ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன்; கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள்.

எல்லையோரன் சொன்ன வழி எல்லாருக்கும் பொருந்தக்கூடியது. ஓய்வூதியக் காரணத்தால் உங்களுக்குப் பொருந்தவில்லை. அப்படியானால் ஒன்றை உறுதியாக மனத்தில் கொள்ளுங்கள்: நீங்கள் எதுவும் எழுதாமல் மறைந்தால், அந்த அம்மையாருக்கு உங்கள் சொத்தில் ஒரு சென்ட்கூட வாரிசாக வராது. சட்டத்தின் வாரிசு வரிசையில் உடன் வாழ்ந்தவர் என்று ஓர் இடமே இல்லை.

'நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தால் மனைவிதான் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே' என்று யாராவது உங்களிடம் சொல்லுவார்கள். அது பாதி உண்மை. ஓர் ஆணும் பெண்ணும் நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தால் அவர்களுக்குத் திருமணம் நடந்ததாகவே ஊகிக்கலாம் என்று, கேரளத்திலிருந்து போன ஒரு பாகப்பிரிவினை வழக்கில், உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 13-இல் சொன்னது. ஆனால் உங்கள் அம்மையார் நாளை அந்த ஊகத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்தில் நின்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டப்போவது அவர் ஆண்டுதோறும் கையெழுத்திட்ட மறுமணம் செய்யாமைச் சான்றைத்தான். ஒரு கையால் மறுமணம் இல்லை என்று எழுதிவிட்டு, மறுகையால் மனைவி என்று கோர முடியாது. பெற்ற ஓய்வூதியத்தையும் திருப்பிக் கேட்பார்கள்.

ஆகவே, உயிலில் 'என் மனைவி' என்று எழுதவே எழுதாதீர்கள். எழுத்தர்கள் பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். வரிக்கு வரி படித்துப் பாருங்கள். அவருடைய பெயர், தகப்பனார் பெயர், மறைந்த கணவர் பெயர், வயது, முகவரி ஆகியவற்றை எழுதி, 'இன்ன ஆண்டு முதல் என் இல்லத்தில் என்னோடு வாழ்ந்து என்னைப் பேணி வருபவர்' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அன்னியருக்கும் உயில் எழுதலாம். உறவுமுறை காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் தானசெட்டில்மெண்ட் வேண்டாமா என்று கேட்பீர்கள். பொள்ளாச்சிக் கடையைக் குடும்ப உறுப்பினருக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த அம்மையார் 'குடும்பம்' என்ற வரையறைக்குள் வரமாட்டார். விற்பனைக்கு உள்ளது போல 7 விழுக்காடு கட்ட வேண்டும். செலவாவது போகட்டும். செட்டில்மெண்ட் இன்றே கைமாறிவிடும். பிறகு உங்கள் ஒருவர் விருப்பத்தால் அதைத் திரும்பப் பெற முடியாது. மாறாக, உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். கேரள நிலத்துக்கு ஓர் உயில், தமிழகக் கடைக்கு ஓர் உயில் என்று பிரிக்கவும் தேவையில்லை. ஒரே உயிலில் இரண்டையும் சர்வே எண்ணோடு எழுதலாம். தமிழிலேயே எழுதலாம், ஆனால் போக்குவரவு என்று கேரளத்தில் சொல்லும் பட்டாப் பெயர் மாற்றத்துக்கு வில்லேஜ் ஆபீசுக்குப் போகும்போது உதவும் என்பதால், நல்ல மலையாள மொழிபெயர்ப்பு ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலந்தாவளம் வாசகி — ஜனவரி 5, மாலை 5.40

முறைப்படி மணமான மனைவி என்றால் இந்தக் கேள்வியே எழாது என்று எல்லையோரன் எழுதியதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தானாக வருவது ஒரு பங்குதான். முழுச் சொத்தும் அன்று.

என் அக்காவின் கணவர் 2018-இல் விபத்தில் இறந்தார். அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள்; அப்போது ஒன்றுக்கு 13 வயது, மற்றொன்றுக்கு 9. அத்தான் உயில் எழுதவில்லை. நாற்பத்து மூன்று வயதில் யார் எழுதுவார்கள்? அவர் கட்டிய வீட்டில் அக்காவுக்கு நான்கில் ஒரு பங்கு, இரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு, அத்தானின் தாயாருக்கு ஒரு பங்கு என்றுதான் வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு விளக்கினார்கள். தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. அந்த அத்தை நல்லவர்தான். ஆனால் வயதானவர், இளைய மகன் வீட்டில் இருந்தவர். ஒரு நாள் தம் நான்கில் ஒரு பங்கை இளைய மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதமே அந்தக் கொழுந்தனார் வீட்டைப் பாகம் பிரிக்க வழக்குப் போட்டார். அக்கா சமைத்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் அமீனா வந்து அடுப்படியிலிருந்து திண்ணை வரை நாடா பிடித்து அளந்ததை நான் நேரில் பார்த்தேன்.

விற்றுவிட்டு வேறிடம் போகலாம் என்றால் அதுவும் முடியவில்லை. பிள்ளைகள் வயது வராதவர்கள்; அவர்களுடைய பங்கை விற்கத் தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

வங்கியில் அக்காதான் நாமினி. பணம் அவர் கைக்கு வந்தது. எல்லாம் தனக்கே என்று நினைத்திருந்தார். நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, வாரிசுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு தாளில், இரண்டு சாட்சிகளோடு, 'என் சொத்து முழுவதும் என் மனைவிக்கு' என்று அத்தான் எழுதியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. இதைப் படிக்கும் நாற்பது வயதுக்காரர்கள் தயவுசெய்து இன்றைக்கே எழுதுங்கள்.

பழைய பத்திர எழுத்தர் — ஜனவரி 5, இரவு 8.20

அம்மா எழுதியது முழுக்க உண்மை. நாமினி உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று காப்பீட்டுத் தொகை குறித்து உச்ச நீதிமன்றம் 1983-இலேயே சொல்லிவிட்டது. வங்கி வைப்புக்கு 2010-இலும், பங்குகளுக்கு 2023 டிசம்பரிலும் அதையே உறுதி செய்தது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு ஒரு விலக்கு உண்டு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக நியமித்தால் அவர்கள் பயனாளியாகவே தொகையைப் பெறுவார்கள். உடன் வாழ்பவர் அந்தப் பட்டியலில் இல்லை.

கொப்பரைக்களம் ஐயா, உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். நாமினியாக மறைந்த உங்கள் மனைவியின் பெயரே இன்னும் இருக்கக்கூடும்.

இளம் கணவர்களுக்கு ஒரு வழியும் சொல்லிவிடுகிறேன். மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874, ஆறாம் பிரிவின்படி, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று குறித்துக் காப்பீடு எடுத்தால் அந்தத் தொகை அறக்கட்டளை போல் தனியாக நிற்கும். கணவரின் கடன்காரரும் தொட முடியாது, மாமியார் பங்கும் வராது. பத்திரம் எடுக்கும்போதே இதைக் குறிக்க வேண்டும்.

கொப்பரைக்களம் — ஜனவரி 6, காலை 6.05

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே, 2009-இல் மறைந்த என் மனைவியின் பெயர்தான் இருக்கிறது. பதினாறு ஆண்டுகள் அந்த மஞ்சள் பையை நான் பிரிக்கவே இல்லை.

நகரிக்காரர் — ஜனவரி 6, காலை 11.30

ஆந்திரப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்த விவாதத்தில் இன்னொரு வகைக் குடும்பத்தையும் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் முதல் மனைவியை மணவிலக்குச் செய்யாமலேயே மற்றொரு பெண்மணிக்கும் தாலி கட்டி அவரோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளையும் பெற்று, உயில் எழுதாமல் இறந்தார். அந்தத் திருமணம் செல்லாது என்றாலும் பிள்ளைகள் சட்டப்படி முறையானவர்களே. இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனாருக்கு வரக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 1-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் அந்தப் பெண்மணிக்கு? ஒன்றும் இல்லை. முதல் மனைவி உயிரோடு இருந்ததால், சேர்ந்து வாழ்ந்ததை வைத்துத் திருமணத்தை ஊகிக்கவும் இடமில்லை. இப்போது பெற்ற பிள்ளைகளின் பங்கில், மருமகளின் மனம் அறிந்து வாழ்கிறார்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் வீட்டில் தங்கும் உரிமை தருகிறது என்பார்கள். தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் அதற்கு அளவுகோல் வைத்தது: இருவரும் மணம் புரியத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், ஊரறியக் கணவன் மனைவி போலக் கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். கொப்பரைக்களம் ஐயாவின் துணைவியார் இந்த அளவுகோலில் தேறக்கூடும். எங்கள் தெருப் பெண்மணி தேறமாட்டார். தேறினாலும் அது வெளியேற்றத்தைத் தடுக்க உதவுமே தவிர, சொத்துரிமை ஆகாது.

களியக்காவிளை வாசகர் — ஜனவரி 6, பகல் 12.50

கிறிஸ்தவர்களுக்குக் கணக்கு வேறு என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு; தாயாருக்குப் பங்கு இல்லை. பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் இங்கே பெண்களுக்கு எவ்வளவு அநீதி செய்தது என்பதும், மேரி ராய் அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்ததும் எங்கள் வீட்டுப் பெண்கள் நன்றியோடு நினைப்பவை. எங்களில் ஒருவர் உயில் எழுதிய பிறகு திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் ரத்தாகிவிடும். மறுபடி எழுத வேண்டும். இந்துக்களுக்கு அப்படி இல்லை. உயிலில் பயன்பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் எங்களுக்கு அவருடைய பங்கே செல்லாமல் போகும்.

ஒரு மகன், முதலமடை — ஜனவரி 6, இரவு 9.45

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் துணைவியாரின் பக்கம் நின்று எழுதினீர்கள். நான் பிள்ளையின் இடத்தில் நிற்பவன். என் வார்த்தைகள் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தகப்பனாரும் இப்படித்தான் ஒருவரோடு கடைசிக் காலத்தில் வாழ்ந்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் தனியாக இருந்து சாகவில்லையே என்ற நிறைவுதான். அவர் உயில் எழுதியிருந்ததை எங்களிடம் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வேறொருவர் வாயிலிருந்து எங்கள் தாயார் இருந்து வளர்த்த வீடு அந்த அம்மாவின் பெயருக்குப் போயிற்று என்று கேட்டபோது, நாங்கள் அந்த அம்மாவைச் சந்தேகித்தோம். ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார் என்று நம்பினோம். நான்கு ஆண்டுகள் வழக்கு நடத்தினோம். சாட்சிகளில் ஒருவர் தகப்பனாரைவிட மூத்தவர், இறந்துவிட்டார். மற்றவர் நீதிமன்றக் கூண்டில் ஏறித் தடுமாறினார். முடிவில் சமரசம் செய்துகொண்டோம். எங்கள் தகப்பனார் தம் வாயால் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நாங்கள் முணுமுணுத்திருப்போம், ஆனால் வழக்குப் போட்டிருக்கமாட்டோம்.

ஐயா, உங்கள் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள். அந்த வீட்டில் அவர்களுடைய தாயாரும் வாழ்ந்திருக்கிறார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

கொப்பரைக்களம் — ஜனவரி 7, காலை 5.50

தம்பி எழுதியதை இரவில் இரண்டு முறை படித்தேன். கடுமை எதுவும் இல்லை, தேவையான வார்த்தைகள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வீட்டை அவருக்கே முழு உரிமையாகக் கொடுப்பதா, ஆயுள் உள்ளவரை அனுபவிக்க மட்டும் கொடுப்பதா? முழு உரிமை கொடுத்தால்தான் மரியாதை என்று ஒரு மனம் சொல்கிறது.

பழைய பத்திர எழுத்தர் — ஜனவரி 7, பிற்பகல் 3.00

இந்தக் கேள்விதான் இழையிலேயே முக்கியமானது என்று கருதுகிறேன். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முழு உரிமையாகக் கொடுத்தால், அவருக்குப் பிறகு வீடு யாருக்குப் போகும் என்று எண்ணிப் பார்த்தீர்களா? உங்கள் பிள்ளைகளுக்கு அன்று. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உயில் எழுதாமல் அவர் மறைந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு முதலில் பிள்ளைகளையும் கணவனையும் பார்க்கிறது. அவர்கள் இல்லையென்றால் அடுத்ததாகக் கணவனின் வாரிசுகளைப் பார்க்கிறது. அவருடைய சொந்தத் தாய் தகப்பனுக்கே அதன் பிறகுதான் இடம். ஆக, நீங்கள் கொப்பரை உலர்த்திச் சம்பாதித்துக் கட்டிய வீடு, 2006-இல் மறைந்த அந்த ஆசிரியரின் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். தாய்வழி மரபான மருமக்கத்தாயக் குடும்பத்துப் பெண்களுக்கு 17-ஆம் பிரிவு வேறு வரிசை வைத்திருக்கிறது. நம்மவர்களுக்கு இதுதான் வரிசை. இன்றே செட்டில்மெண்ட் எழுதி, அவர் உங்களுக்கு முன் காலமானால் என்ன ஆகும் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணுங்கள்: உங்கள் வீட்டிலேயே நீங்கள் குடக்கூலிக்காரர் போல ஆகிவிடுவீர்கள்.

ஆயுள் அனுபவ உரிமை என்றால், அவர் உயிரோடு உள்ளவரை அங்கே வாழலாம், வாடகைக்கும் விடலாம். விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அவருக்குப் பின் வீடு உங்கள் மகனுக்கும் மகளுக்கும் திரும்பும். மணமான மனைவிக்கு இப்படி எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. மனைவிக்கு ஏற்கெனவே ஜீவனாம்ச உரிமை இருப்பதால், அதற்கு ஈடாகக் கொடுத்த ஆயுள் உரிமை அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவின்படி முழு உரிமையாக விரிந்துவிடும் என்று, ஆந்திரத்திலிருந்து போன துளசம்மா வழக்கில் 1977-இல் தீர்ப்பானது. முழு உரிமையாக விரிக்கும் முதல் உட்பிரிவா, எழுதிய எல்லையிலேயே நிறுத்தும் இரண்டாம் உட்பிரிவா என்ற வழக்குகள் இன்னும் ஓயவில்லை. உங்கள் நிலையில், அந்த அம்மையாருக்கு முன்னுரிமை எதுவும் சட்டத்தில் இல்லாததால், நீங்கள் எழுதிய எல்லைக்குள்ளேயே அது நிற்கும். சட்டம் அவருக்குச் செய்யும் குறை, உங்கள் பிள்ளைகளின் அச்சத்தைப் போக்க உதவுகிறது.

ஆனால் வெறும் 'ஆயுள் உள்ளவரை குடியிருக்கலாம்' என்ற ஒற்றை வரி போதாது. நான் பார்த்த வழக்குகளில், வீட்டை விட்டு விரட்டியதாக இருக்காது. மின் இணைப்பைத் துண்டித்ததாக, கிணற்றடிக்குப் பூட்டுப் போட்டதாக, மாடியில் வேறு ஆளைக் குடிவைத்ததாகத்தான் இருக்கும். ஆகவே 12 சென்ட் முழுவதும், கிணறு, மோட்டார், நடைபாதை உட்பட என்று எழுதுங்கள். வரியும் பெரிய பழுதுகளும் யார் செலவு என்று எழுதுங்கள். வைப்புத்தொகையில் ஒரு பகுதியை அவருக்கு முழு உரிமையாகக் கொடுங்கள். உங்கள் மரியாதையை அங்கே காட்டலாம். வங்கியில் அவரை நாமினியாகப் போடுவதோடு, அந்தக் கணக்கு எண்ணையும் உயிலில் குறியுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு நான்கு பேர் வரை விழுக்காடு குறித்து நாமினி போடலாம், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தகப்பனார் வழி வந்த ஓர் ஏக்கரை அப்படியே பிள்ளைகளுக்கு விடுங்கள். கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக் குடும்ப முறையே ஒழிந்தது என்ற துணிவில் முன்பு எழுதுவோம். அதை ஒழித்த 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள், மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு தரும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்கு முரணானவை என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்ன பிறகு, அந்த ஏக்கரை உயிலின் சர்ச்சைக்குள் இழுக்காமல் இருப்பதே நல்லது.

சாட்சிகள் இருவர், உங்களைவிட இளையவர்கள், பயன் எதுவும் பெறாதவர்கள், நீங்கள் கையெழுத்திடுவதை இருவரும் பார்க்க வேண்டும். அந்த அம்மையார் அன்று பதிவு அலுவலகத்துக்கு வரவே வேண்டாம். வரைவு எழுதும் இடத்திலும் அவர் இருக்கக் கூடாது. பயன்பெறுபவர் முன்னின்று எழுதிய உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். நெஞ்சுவலி வந்தவர் என்பதால், தெளிந்த மனநிலையில் இருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் அன்றே ஒரு சான்று வாங்கி இணையுங்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.

செவிலியர், பாலக்காடு — ஜனவரி 7, இரவு 10.30

'தெரிந்தவர்' என்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எங்கள் மேசைக்கு அப்பால் எத்தனையோ பேர் அப்படி நின்றிருக்கிறார்கள். நோயாளி நினைவோடு இருந்தால் அவருடைய சொந்தச் சம்மதமே முதன்மையானது. நினைவு இழந்தால் யாரிடம் கேட்பது என்பதற்கு, முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் என்று ஓர் ஆவணம் எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் அதை ஏற்று, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன் கையெழுத்து, அவ்வளவுதான். உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கட்டத்துக்கானது அது. அதில் உங்கள் சார்பில் பேசக்கூடியவர்களாக அந்த அம்மாவையும் மகளையும் குறிக்கலாம். உயிலோடு இதைக் கலக்க வேண்டாம். உயில் திறக்கப்படுவது எல்லாம் முடிந்த பிறகுதான்.

எல்லையோரன் — ஜனவரி 8, காலை 7.15

மாமியார் பங்கு குறித்து எனக்கே தெரியாமல் இருந்தது. வேலந்தாவளம் சகோதரிக்கு நன்றி. என் தாயார் இருக்கிறார், பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். நானும் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

கொப்பரைக்களம் — ஜனவரி 29, இரவு 8.40

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று மாலை, களத்தில் பாய் விரித்து இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். வீடு அவர் ஆயுள் உள்ளவரை அவர் கையில் இருக்கும், பிறகு உங்களுக்கு. தோப்பும் கடையும் உங்களுக்கே. வைப்புத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்றேன். உங்கள் அம்மா நட்ட பவழமல்லி முற்றத்தில் நிற்கிறது, அதற்கு இன்றுவரை தண்ணீர் ஊற்றுகிறவரும் அவர்தான் என்றும் சொன்னேன். மகள் அழுதாள், மருத்துவமனையில் அவரை வெளியே உட்கார வைத்தது தனக்கும் உறுத்தலாகவே இருந்தது என்றாள். மகன் எதுவும் பேசவில்லை. ஊருக்குப் புறப்படும்போது அவரிடம் மட்டும் 'வருகிறேன் அம்மா' என்று சொல்லிவிட்டுப் போனான். இதற்கு முன் அவன் அவரை எப்படியும் அழைத்ததில்லை.

நேற்று உயிலைப் பதிவு செய்தேன். வழக்கறிஞர் வரைவைப் பார்த்தார். 'மனைவி' என்ற சொல் இரண்டு இடங்களில் இருந்தது, நீக்கச் சொன்னேன். சாட்சிகள் இருவருமே நாற்பதுக்குள்: ஒருவர் எங்கள் தோப்பில் தேங்காய் பறிப்பவரின் மகன், மற்றவர் பள்ளி ஆசிரியர். கிணறு, மோட்டார், நடைபாதை எல்லாம் பெயர் சொல்லி எழுதியாயிற்று. நிறைவேற்றுநராக மகளைப் போட்டேன். காப்பீட்டில் நாமினியை மாற்றிவிட்டேன். மருத்துவ அறிவுறுத்தலுக்கு நோட்டரியிடம் அடுத்த வாரம் நேரம் கேட்டிருக்கிறேன்.

அவரிடம் 15-ஆம் பிரிவைப் படித்துக் காட்டியபோது, தம் ஓய்வூதியச் சேமிப்பும் நகையும் யாருக்குப் போகும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, தாமும் ஓர் உயில் எழுத வேண்டும் என்கிறார். யாருக்கு என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்திர எழுத்தர் ஐயா, அவருக்கு வரைவு எழுத எந்த நாள் வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். அவர் தனியாகவே வருவார்.

பழைய பத்திர எழுத்தர் — ஜனவரி 29, இரவு 9.05

திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். ஆதார் அட்டையும், நகைகளை எடையோடு எழுதிய ஒரு தாளும், வங்கிப் புத்தகமும் கையில் இருக்கட்டும். சாட்சிகளை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.